இலையில் சொல்லாததை வீட்டில் சொல்லி என்ன பயன்? கொங்கு ஊர்களில் ஹோட்டலுக்குப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறிப்போன தோசை வந்தால் நம் கொங்குக்காரர் என்ன செய்வார்? சப்ளையர் வந்து "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்குங்க" என்பார். பில் கட்டுவார். கல்லாவில் இருப்பவர் "போய்ட்டு வாங்க" என்றால் "வர்றனுங்க" என்று கும்பிடும் போடுவார். காரில் ஏறியதும் வீட்டம்மாவிடம் ஆரம்பிக்கும் புலம்பல், ராத்திரி கூகுளில் ஒற்றை நட்சத்திரமாகப் போய் முடியும். தோசை சுட்ட மாஸ்டருக்கு இதில் ஒன்றுகூடப் போய்ச் சேராது. கோவையோ ஈரோடோ திருப்பூரோ சேலமோ, சர்வீஸ் சரியில்லை என்று நாம் அடுக்கும் குறைகளில் நிறைய, உட்கார்ந்த இடத்திலேயே பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதில்லை, கேட்டாலும் ஆள் மாற்றிக் கேட்கிறோம்.

முக்கால் தோசைக்குப் பிறகு சொல்வது

குறை இருந்தால் முதல் இரண்டு வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். தட்டைக் காலி செய்துவிட்டு "மாவு புளிக்குதுங்க" என்றால் எந்த ஹோட்டல்காரரும் நம்ப மாட்டார், நம்பவும் தேவையில்லை. சொல்வதையும் உடைத்துச் சொல்ல வேண்டும். "நல்லாயில்லீங்க" என்றால் சமையலறையில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "கறி வேகலீங்க", "உப்புத் தூக்கலா இருக்குங்க", "சாம்பார் ஆறிப்போச்சு, சூடா ஊத்தச் சொல்லுங்க" என்றால் வேலை நடக்கும். குழம்பு வகையைச் சூடு பண்ணித் தரலாம். தோசையைச் சூடு பண்ண முடியாது, புதிதாகச் சுட்டுத்தான் தர வேண்டும். அதனால் தோசைக்கு "மாத்திக் குடுங்க" என்றே கேளுங்கள்.

யாரிடம் சொல்வது? சப்ளையருக்கு எதையும் மாற்றித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. திருப்பி எடுத்துப்போனால் மாஸ்டரிடம் அவர்தான் பேச்சு வாங்குவார். ஹாலில் சுற்றி வரும் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். மெஸ் என்றால் முதலாளியே கல்லாவில் இருப்பார், எழுந்து போய் மெதுவாகச் சொன்னால் போதும். குரலை உயர்த்தினால் பக்கத்து டேபிள் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். உடனே முதலாளிக்குத் தோசை மறந்துபோய்த் தன் கௌரவம்தான் பெரிதாகிவிடும். "ஓனர் எங்க மாமனுக்குச் சொந்தம், தெரியுமா?" என்று ஆரம்பிப்பவர்களும் நம் பக்கம் அதிகம். அந்த உறவுமுறையால் எந்தத் தோசையும் சூடாகி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இன்றைக்குத் திருப்பூர், கோவை ஹோட்டல்களில் பரிமாறுகிற பையன்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சாம்பார், சட்னி, தண்ணி எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். "கொஞ்சம் முறுகலா, எண்ணெய் கம்மியா, வெங்காயம் போடாம" என்று ஒரே மூச்சில் சொன்னால் தவறத்தான் செய்யும். இப்படிப்பட்ட ஆர்டரை சூப்பர்வைசரிடம் கொடுங்கள். பழக்காமல் ஆளை ஹாலில் விட்ட குற்றம் முதலாளியுடையது, பையனுடையது இல்லை. ஊர்க்காரரிடம் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போடுகிறவர்கள் இந்தப் பையன்களை "டேய்" என்று கூப்பிடுவதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. தம்பி என்றால் அவர்களுக்கும் புரிகிறது.

மாதிரித் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவது

கொங்கு அசைவ மெஸ்களுக்கே உரிய ஒரு காட்சி உண்டு. இலை போட்டுச் சாதம் வைத்ததும் ஒருவர் பெரிய தட்டில் சுக்கா, குடல், ஈரல், மூளை, காடை, மீன் வறுவல் என்று கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து நிற்பார். "என்னங்க வைக்கட்டும்?" என்பார். பசியில் இரண்டு மூன்றைக் காட்டுவோம். வாசனை பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் விலை கேட்பதில்லை, கேட்டால் கௌரவக் குறைவு என்று ஒரு நினைப்பு. முடிவில் சாப்பாட்டு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு சைடிஷ்ஷுக்குப் போயிருக்கும். விலை கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. தட்டிலேயே வெகுநேரம் சுற்றிவந்த கிண்ணம் ஆறிப்போயும் இருக்கும். பிடித்ததைக் காட்டிவிட்டு, "இதுல ஒண்ணு உள்ளேருந்து சூடா கொண்டு வாங்க" என்று சொல்லலாம். எந்த மெஸ்ஸிலும் மறுக்க மாட்டார்கள்.

கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு, மீன் குழம்பு மூன்றும் பல மெஸ்களில் சாப்பாட்டோடு சேர்ந்தே வரும், துண்டு வேண்டுமென்றால்தான் தனிக் காசு. இது தெரியாமல் வெளியூர் விருந்தாளிக்குத் தனியாக ஒரு சிக்கன் கிரேவி சொல்லி வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. உட்கார்ந்ததும் "சாப்பாட்டோட என்னென்ன வருதுங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஏசி ஹாலுக்குத் தனி விலை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. பள்ளிபாளையம் சிக்கன் இன்று சென்னையிலும் பெங்களூரிலும்கூடக் கிடைக்கிறது. ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் அக்கரையில் இருக்கிற அந்த ஊரின் கைப்பக்குவத்தில் மசாலாத்தூளுக்கு வேலையே இல்லை. சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், கோழி, அவ்வளவுதான். சிவப்புக் கலர் போட்டுக் கெட்டிக் கிரேவியாக வந்தால் அது வேறு ஏதோ ஒன்று. ஆர்டர் கொடுக்கும்போதே "தேங்காச் சில்லு போட்டு டிரையா வருங்களா?" என்று கேட்டால், பதில் வருகிற விதத்திலேயே தெரிந்துவிடும். அதேபோல நாட்டுக்கோழி. நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும், கறி நார் நாராக இருக்கும். கொஞ்சம் மெல்லத்தான் வேண்டும். "கறி கல்லு மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பிராய்லர் வாங்கியிருக்கலாம்.

கூட்டம் தெரியாமல் போவது

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். சனி ராத்திரியும் ஞாயிறு மத்தியானமும் அங்கே ஹோட்டலில் நல்ல கவனிப்பை எதிர்பார்த்துப் போவது வீண். புரட்டாசி சனிக்கிழமையில் சைவ ஹோட்டல்கள் பிதுங்கும், அசைவ மெஸ்கள் காற்று வாங்கும். முகூர்த்த நாளில் ஜவுளி எடுக்க ஈரோட்டுக்கோ கோவைக்கோ வருகிற கூட்டம் சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாக ஹோட்டலுக்குள் நுழையும். நல்ல மெஸ்களில் மத்தியானம் இரண்டரைக்கு மேல் போனால் குடல் தீர்ந்திருக்கும், குழம்பில் அடி வண்டல்தான் மிஞ்சியிருக்கும். பன்னிரண்டரைக்குள் போய் உட்காருங்கள்.

பதினைந்து பேராகப் போகும்போது ஒரு போன் பண்ணிவிட்டுப் போகலாம். ஆர்டரை ஒருவரே மொத்தமாகச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு ஆனியன் ஊத்தப்பம், அண்ணனுக்கு நெய் ரோஸ்ட், குழந்தைக்குப் பூரி, மாமாவுக்கு "இருங்க யோசிக்கிறேன்" என்று கால் மணி நேரம் இழுத்தால் சாப்பாடும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு வரும். தோசைக் கல்லில் இடம் அளவானது. ரோஸ்ட் ஒன்று பரப்பிய இடத்தில் சாதாத் தோசை இரண்டு ஊற்றிவிடலாம். எல்லோருக்கும் ரோஸ்ட் என்றால், முதலில் வந்தவர் கைகழுவும்போதுதான் கடைசி ஆளுக்கு வரும். முதலில் எல்லோருக்கும் இட்லி, பின்னால் ரோஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள்.

பில்லைப் பார்க்காமல் போனை நீட்டுவது

கியூஆர் கோடு வந்தபிறகு பில் படிக்கிற பழக்கமே போய்விட்டது. தொகையைக் கேட்கிறோம், ஸ்கேன் பண்ணுகிறோம், கிளம்புகிறோம். ஒரு நிமிடம் பாருங்கள்.

சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் மத்தியப் பங்கு இரண்டரை, மாநிலப் பங்கு இரண்டரை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இது ஏசி, ஏசி இல்லாதது இரண்டுக்கும் ஒன்றுதான், 2017 நவம்பர் 15 முதல் இப்படி. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் அறை விடுகிற பெரிய ஹோட்டலுக்குள் இருக்கிற உணவகத்தில் மட்டும் 18. சின்னக் கடைகள், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கலாம். அப்படியிருந்தால் அவர்கள் தங்கள் கையிலிருந்துதான் வரி கட்ட வேண்டும், உங்களிடம் வசூலிக்கக் கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி மட்டும் எழுதியிருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி குழப்பம் என்றதும் கோவைக்காரர்களுக்கு 2024 செப்டம்பர் ஞாபகம் வரும். கோவை அன்னபூர்ணா ஹோட்டல் குழுமத்தின் சீனிவாசன், மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், அதனால் வாடிக்கையாளர்கள் கிரீமைத் தனியாகக் கேட்கிறார்கள் என்று சொன்னார். நாடே அதைப் பற்றிப் பேசியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பாக்கெட் காரவகை எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. பேக்கரி கவுன்ட்டரில் இன்னும் பழைய வரி போட்டிருந்தால் சும்மா விட வேண்டாம்.

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. நம் மெஸ்களில் இது கிடையாது. மால்களிலும் பெரிய ரெஸ்டாரென்ட்களிலும் பில்லின் அடியில் 5 அல்லது 10 சதவீதம் என்று ஒட்டிக்கொண்டு வரும். இது வரி இல்லை, அரசுக்குப் போவதும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டு 10 சதவீதம் சேர்ந்தால் ஆயிரத்து நூறு, அதன்மேல் 5 சதவீத வரி, ஆக 1,155. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. "இதை எடுத்துட்டு பில் குடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், பிள்ளைகள்தான் "அப்பா, விடுங்கப்பா" என்பார்கள்.

தண்ணீர் பாட்டிலில் மட்டும் சட்டம் அவர்கள் பக்கம். உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகம் அச்சிட்ட விலைக்குமேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே சண்டை போடாமல், பாட்டில் திறக்கும் முன்பே "சாதாத் தண்ணி போதுங்க" என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

டிப்ஸ் கொடுக்க நினைத்தால் ரொக்கமாக, பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள். கல்லாவில் ஸ்கேன் பண்ணும்போது கூடப் போட்டுவிட்டால் அது அவருக்குப் போகிறதா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. கியூஆர் வந்து சில்லறை ஒழிந்ததில் அதிகம் இழந்தது சப்ளையர்கள்தான்.

பார்சலை அலட்சியமாக வாங்குவது

பார்சல் சாப்பாட்டில் சாதம் தாராளமாக வைப்பார்கள், இரண்டு பேருக்குத் தாங்கும். நான்கு பேருக்கு நான்கு வாங்கினால் மிஞ்சும். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்களா, பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தூக்குவாளி கொண்டுபோனால் ஊற்றித் தரத் தயங்காத கடைகள் நிறைய இருக்கின்றன, நம் தாத்தாக்கள் அப்படித்தான் வாங்கினார்கள்.

மத்தியானம் வாங்கிய பிரியாணியை டேபிள்மேல் வைத்திருந்து ராத்திரி சாப்பிடுவது ஆபத்து. சமைத்த சாதமும் கறியும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் காலத்தில் அதற்கும் முன்பே சாப்பிட வேண்டும். ஷவர்மா, கிரில் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்டபின் உடல்நிலை கெட்டு ஒரு பள்ளிச் சிறுமி இறந்தார், இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கம்பியில் சுற்றுகிற கறியின் மேல்பக்கம் மட்டும் வெந்து, உள்ளே வேகாமலேயே சீவித் தருவதுதான் அதில் உள்ள சிக்கல். தட்டில் வந்ததில் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தால் வாயில் வைக்காதீர்கள். கூட வருகிற மயோனைஸ் பச்சை முட்டையில் அடித்ததாக இருக்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது அதனால்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு உடம்புக்கு வந்தால்

இங்கே செய்யும் பெரிய தவறு, பில்லைத் தூக்கிப் போடுவது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் அது கட்டாயம். புகாருக்கு அதுதான் பிடி. மீதி உணவு இருந்தால் கொட்டாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், கூடச் சாப்பிட்டவர்களில் வேறு யாருக்கும் அப்படி ஆனதா என்று கேளுங்கள், டாக்டரிடம் எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லிச் சீட்டு வாங்குங்கள். பிறகு தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் பில், படம் இரண்டையும் அனுப்பலாம். சர்வீஸ் சார்ஜ், கூடுதல் வரி போன்ற காசு விவகாரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூகுள் நட்சத்திரத்தை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம். போடும்போது எந்தக் கிளை, எந்த நாள், எந்தப் பதார்த்தம் என்று எழுதுங்கள். ஒரே பெயரில் நான்கு கிளை இருக்கிற ஊரில் "மோசம்" என்று மட்டும் எழுதினால், அதைப் படிக்கிற மேனேஜரும் அடுத்த கிளையைத்தான் கைகாட்டுவார்.