ஆடிட்டர் பிடிக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

எங்கள் சந்தில் புதிதாக லேபிள் பிரிண்டிங் போட்டிருக்கும் தம்பி ஒருவர், ஜிஎஸ்டி சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சரி, மாட்டத்தான் வேண்டும், விதியே அப்படித்தான். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"லாகின் பண்ணிப் பாத்தீங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா, எல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க."

"ஓடிபி யாரு போனுக்கு வருது?"

"அவருக்குத்தாங்க. சின்னச் சின்னதுக்கெல்லாம் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு அவரே அவர் நம்பரைப் போட்டுக்கிட்டாருங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நானும் இதே பதிலைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். இரண்டு ஆடிட்டர்களை மாற்றி மூன்றாவது ஆளிடம் இருக்கிறேன். பில்லைப் பத்திரமாக வையுங்கள், கடைசித் தேதியில் ஓடாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பலகையில் 'ஆடிட்டர்' என்று இருந்தாலே சிஏ என்று நினைப்பது

நம் ஊரில் கணக்கு எழுதுகிற எல்லோரும் ஆடிட்டர்தான். பட்டயக் கணக்காளரும் (சிஏ) ஆடிட்டர், ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க ஜிஎஸ்டி துறையில் பதிவு செய்துகொண்ட பிராக்டிஷனரும் ஆடிட்டர், யாரோ ஒரு ஆடிட்டரிடம் நாலு வருடம் டேலி மென்பொருளில் கணக்குப் போட்டுவிட்டுத் தனியாக வந்தவரும் ஆடிட்டர். மாதாமாதம் ரிட்டர்ன் போட மட்டும் என்றால் பிராக்டிஷனரே போதும். சிலர் சிஏவை விட ஒழுங்காகப் போடுகிறார்கள். ஆனால் வருட விற்பனை 1 கோடியைத் தாண்டி டேக்ஸ் ஆடிட் (வருமான வரிச் சட்டம் கேட்கும் கணக்குத் தணிக்கை) வந்துவிட்டால், தொழில் செய்வதற்கான சான்று வைத்திருக்கும் சிஏ மட்டும்தான் கையெழுத்திட முடியும். ரொக்க வரவு செலவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி.

அவர் சிஏதானா என்று அவரிடமே கேட்கக் கூச்சமாக இருந்தால் உறுப்பினர் எண்ணை வாங்கி, சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் அவர் கொடுக்கும் சான்றிதழில் யுடிஐஎன் என்று 18 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இலிருந்து அது கட்டாயம். அதையும் ஆன்லைனில் போட்டுப் பார்க்கலாம். பேங்க் மேனேஜர் போட்டுப் பார்ப்பார். அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

சொந்தக்காரரிடம் கொடுப்பது

எனக்கு நடந்தது. யாரென்று எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

உங்கள் லாகினில் அவர் போன் நம்பர்

இதைப் பற்றித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

ரெஜிஸ்ட்ரேஷன் போடும்போது ஒரு மொபைல் நம்பரும் ஈமெயிலும் கேட்பார்கள். ஆடிட்டர் ஆபீசில் வேலை சுலபமாக முடிய, அவர்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை. 20-ம் தேதி ராத்திரி அறுபது பார்ட்டிக்கு 3பி என்ற மாத ரிட்டர்ன் போட வேண்டிய ஆபீஸ், ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "அண்ணா, ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எனக்கும் அன்று அது வசதியாகத்தான் இருந்தது. என் கம்பெனி பெயரில் அந்த ஆபீசே ஒரு ஜிமெயிலும் உண்டாக்கியிருந்தது. அப்படி ஒரு மெயில் இருப்பதே எனக்கு ஏழு வருடம் தெரியாது.

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பேங்கிலிருந்து போன். "சார், ஜிஎஸ்டி ஆபீஸ்லருந்து லெட்டர் வந்திருக்கு, உங்க அக்கவுன்ட்ல டெபிட் நிறுத்தியிருக்கோம்." மறுநாள் சனிக்கிழமை, சம்பளம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடாமல் திங்கட்கிழமை ஷட்டரைத் திறந்து பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். மச்சினனிடமும் நூல் கடைக்காரரிடமும் கைமாற்று வாங்கித்தான் அந்த வாரம் ஓடியது.

விஷயம் இதுதான். 2018-19-இல் ஒரு பேப்பர் மில் டீலர், எனக்குப் போட்ட பில்களை அவர் ரிட்டர்னில் என் ஜிஎஸ்டி எண் இல்லாமல் சில்லறை விற்பனை போலக் காட்டியிருக்கிறார். நான் அந்த வரியை இன்புட்டாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்திருக்கிறேன். ஆனால் சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்துப் போர்ட்டலில் வரும் என் 2ஏ பட்டியலில் அது இல்லை. வித்தியாசம் 2,86,000 ரூபாய். நோட்டீஸ் போட்டார்கள், நினைவூட்டல் போட்டார்கள், விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். எல்லாம் போர்ட்டலுக்கும் அந்த ஜிமெயிலுக்கும் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஊரை விட்டே போய்விட்டார். போர்ட்டலிலும் அது வழக்கமான நோட்டீஸ் பக்கத்தில் இல்லை, 'அடிஷனல் நோட்டீசஸ்' என்ற இன்னொரு பக்கத்துக்குள் இருந்தது. பதில் வராததால் 2024 ஏப்ரலில் உத்தரவு. 18 சதவீத வட்டியும் 10 சதவீத அபராதமும் சேர்ந்து கிட்டத்தட்ட 5.9 லட்சம்.

வாங்கிய சரக்கு நிஜம், கட்டிய வரி நிஜம். இதே மாதிரி கேஸ்களுக்காகவே 2022 டிசம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. 2017-18, 2018-19 இரண்டு வருடத்துக்கும், ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த சப்ளையர் தரும் ஒரு சான்றுக் கடிதம் போதும். அதற்கு மேல் போனால்தான் சிஏ சான்று வேண்டும். டீலர் இன்னும் அதே ரோட்டில்தான் கடை வைத்திருக்கிறார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கடிதம் வாங்கியிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

உத்தரவு கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அப்பீல் போடலாம். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னொரு மாதம் கிடைக்கும். எனக்குத் தெரிந்தபோது அதுவும் முடிந்திருந்தது. 'எனக்கு நோட்டீசே வரலை' என்று சொல்வதும் சுலபமாக எடுபடாது, நோட்டீஸ் கொடுக்கும் வழிகளில் ஒன்றாகப் போர்ட்டலையும் சட்டமே சேர்த்திருக்கிறது. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் போய், வரியில் 25 சதவீதம் கட்டிய பிறகு உத்தரவு ரத்தாகி, திரும்ப விசாரித்து, அந்த ஒரு பக்கக் கடிதத்தில் கேஸ் முடிந்தது. வக்கீல் பீஸ், சென்னைக்கு ரயில், மூன்று மாதம் முடங்கிக் கிடந்த அக்கவுன்ட், எல்லாம் என் கணக்கு. ஆடிட்டர் சொன்னது ஒரே வரி: "மெயில் பாக்கற ஆள் மாறிட்டாங்க சார்." தப்பு அவருடையது என்று ஊரே சொன்னாலும் பான் கார்டில் இருப்பது என் பெயர்.

ஆகவே முதல் நாளே உங்கள் நம்பர், உங்கள் மெயில். ஓடிபி வந்தால் இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லுங்கள். வருமான வரி போர்ட்டலுக்கும் இதேதான். ஏற்கெனவே அவர் நம்பர் இருந்தால், அவர் ஒத்துழைக்கும்போதே போர்ட்டலுக்குள் போய், பதிவு விவரங்களைத் திருத்தும் பகுதியில் மாற்றிவிடுங்கள். சண்டை போட்டுப் பிரிந்துவிட்டீர்கள், பாஸ்வேர்டும் இல்லை என்றால், அடையாள ஆவணங்களோடு உங்கள் வட்டார ஜிஎஸ்டி அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். புது மெயில், நம்பரைச் சேர்த்துத் தற்காலிக பாஸ்வேர்டு அனுப்ப அவருக்கு வழி இருக்கிறது. நடையாக நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ரிட்டர்ன் போட்டாரா இல்லையா என்று பார்க்க லாகினே வேண்டாம். ஜிஎஸ்டி தளத்தின் முகப்பிலேயே உங்கள் எண்ணைப் போட்டால் எந்த மாதம் எந்தத் தேதியில் தாக்கல் ஆனது என்று வந்துவிடும். 21-ம் தேதி காலையில் டீயோடு இதைப் பார்ப்பது இப்போது எனக்கு வழக்கம்.

கையெழுத்து டோக்கனை அவர் டிராயரில் விடுவது

உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் அது. வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுத்து வைக்கிறீர்களா?

ரீஃபண்டில் பங்கு கேட்பவர்

இது சம்பளக்காரர்களுக்கு. "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல 10 பர்சன்ட் குடுங்க" என்று ஒருவர் வருவார். வரும் தொகையில் சதவீதம் பேசி பீஸ் வாங்குவது சிஏக்களுக்குத் தொழில் ஒழுங்கு விதிப்படி கூடாது. அப்படிக் கேட்கிறவர் ஒன்று சிஏ இல்லை, அல்லது விதியை மதிக்காத சிஏ. எனக்குத் தெரிந்த, பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், பெயரே கேள்விப்படாத ஒரு கட்சிக்கு 80,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக அவருடைய ரிட்டர்னில் இருந்தது. அவருக்கே நோட்டீஸ் வந்தபோதுதான் தெரியும். 2025 ஜூலையில் வருமான வரித்துறை பல ஊர்களில் இந்தத் தரகர்களின் இடங்களில் சோதனை போட்டது. பொய்க் கழிவு என்று முடிவானால் அபராதம் வரியில் 200 சதவீதம் வரை. அதில் தரகர் பங்கு கேட்க வரமாட்டார்.

பெரிய ஆபீஸ் என்று மயங்குவது

ஏசி, கண்ணாடிக் கதவு, வரவேற்பில் காபி. உங்கள் ஃபைல் மட்டும் போன மாதம் சேர்ந்த பையனிடம் இருக்கும். ஆபீஸ் எவ்வளவு பெரிதானாலும், ஒரு சிஏ வருடத்துக்கு 60 டேக்ஸ் ஆடிட்தான் கையெழுத்திடலாம் என்று வரம்பு உண்டு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: நோட்டீஸ் வந்தால் நேரில் யார் வந்து நிற்பார்?

செப்டம்பரில் ஆடிட்டரை மாற்றுவது

ஆடிட் அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. அந்த மாதத்தில் எந்த நல்ல ஆடிட்டரும் புது ஆளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பார்க்கிறவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று யோசியுங்கள். புதியவர் ஆடிட்டை ஏற்பதற்கு முன் பழையவருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி, ஆகவே பழைய பீஸ் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் மாற்றினால் இரு பக்கமும் முகம் கொடுத்துப் பேசுவார்கள். வெளியே வரும்போது பாஸ்வேர்டுகள், டோக்கன், தாக்கல் செய்த ரிட்டர்ன் நகல்கள், டேலி பேக்கப் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் ஆபீசை விட்டபோது என் பழைய பில்கள் நான் செய்த அட்டைப்பெட்டியிலேயே இரண்டு பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. டேலி பேக்கப் மட்டும் "நாளைக்கு அனுப்பறேன் சார்" என்றார்கள். இன்னும் வரவில்லை.