கண் அழுத்தம் பார்க்கப் போகும் முன்: நம்பக்கூடிய எண்ணை வாங்கி வர ஒரு செய்முறை

ஒரு இடத்தில் பார்த்தால் கண் அழுத்தம் 23. இன்னொரு இடத்தில் அதே கண்ணுக்கு 17. இரண்டும் ஒழுங்காக எடுத்த அளவாகவே இருக்கலாம். அப்பாவுக்குக் கிளாக்கோமா (கண் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை குறையும் நோய்) என்பதால் நானும் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றோடொன்று ஒட்டாத எண்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய முறை இது.

கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கிறது, ஓரத்தில் உள்ள வலை போன்ற திசு வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு.

1. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கண் அழுத்தம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. பலருக்கு அதிகாலையிலும் காலையிலும் கூடுதலாக இருக்கும், படுத்தாலும் ஏறும். எப்போதும் மாலையிலேயே பார்த்தால் காலை உச்சம் கண்ணில் படாமலே போகலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு முறை காலையிலும் ஒரு முறை மாலையிலும் பாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிடும்போது மட்டும் ஒரே நேரத்தில் போங்கள்.

2. கிளம்பும் முன்

ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் போகாதீர்கள்; கொஞ்ச நேரத்துக்கு அழுத்தம் ஏறும். கழுத்தை இறுக்கும் காலர், டை வேண்டாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைக்க டப்பா கொண்டு போங்கள். ஸ்டீராய்டு மருந்து எந்த வடிவில் எடுத்தாலும், சொட்டோ மாத்திரையோ மூக்கு ஸ்பிரேயோ, கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு அது சில வாரங்களில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஏற்கெனவே போடும் கிளாக்கோமா சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

3. எந்தக் கருவி என்று கேளுங்கள்

காற்று ஊதும் கருவி கண்ணைத் தொடாது, சட்டென்று முடியும். கூட்டத்தில் யாருக்கு அதிகம் என்று சலித்தெடுக்க நல்லது. ரீபௌண்ட் கருவியில் மெல்லிய முனை கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலத்தை, லேசாகத் தட்டித் திரும்பும். மரத்துப்போகும் மருந்து தேவையில்லை, குழந்தைகளுக்கு வசதி. ஆனால் சிகிச்சையை முடிவு செய்ய என் ஓட்டு கோல்ட்மேன் டோனோமீட்டருக்குத்தான். மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். டாக்டருக்குப் பச்சையாக இரண்டு அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொடும்வரை திருகைத் திருப்புவார். திருகில் 1.7 என்றால் அழுத்தம் 17.

4. உட்காரும் விதம்: என்னைத் தடுக்கிவிட்ட படி

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முகவாயைத் தாங்கியில் வைக்க எட்டவில்லை என்றால் கழுத்தை நீட்டி, நெஞ்சை மேசையில் அழுத்திக்கொள்கிறோம். முனை கண்ணருகே வந்ததும் நம்மை அறியாமலே மூச்சைப் பிடிக்கிறோம், இமையை இறுக்குகிறோம். இவை எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். எனக்கு அதிகமாக வந்தது இப்படித்தான்.

அதனால் முதலில் நாற்காலியை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். முதுகு தளர்வாக இருக்கட்டும். இரண்டு கண்களையும் திறந்து, நேராகத் தூரத்தில் பாருங்கள். வாயை லேசாகத் திறந்து மெல்ல மூச்சு விடுங்கள். இமை தானாகத் தளரும். இமையை அவர்கள் பிடித்துத் திறக்கும்போது விரல் எலும்பின்மேல் இருக்க வேண்டும், கண்மேல் அழுத்தக் கூடாது. இறுக்கிவிட்டோம் என்று தோன்றினால், "இன்னொரு தடவை எடுங்கள்" என்று கேளுங்கள்.

5. கருவிழியின் தடிமன்

இதை அளப்பது பேக்கிமெட்ரி. சராசரியாக 540 மைக்ரான் அளவில் இருக்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை) செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கூட்டு, கழி என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகளை நான் பயன்படுத்துவதில்லை. தனி ஒருவருக்கு அவை சரியாகப் பொருந்துவதில்லை.

6. எழுதி வையுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு போதும். "காலை 8.10, வலது 19, இடது 18, கோல்ட்மேன், மருந்து இல்லை." இந்த ஒரு வரி அடுத்த டாக்டருக்குப் பெரிய உதவி.

எண் இயல்பாக இருக்கிறது என்பதற்காகக் கண் நரம்புப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். 21-க்குக் கீழே இருந்தும் கிளாக்கோமா வருபவர்கள் உண்டு. மேலே இருந்தும் நரம்பு பாதிக்கப்படாதவர்களும் உண்டு. பக்கவாட்டுப் பார்வையைப் பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும், நரம்பிழைகளின் தடிமனைப் பார்க்கும் ஓசிடி ஸ்கேனும் அதற்குத்தான்.

பின்சேர்க்கை: சிரசாசனம் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கிளாக்கோமா உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சி அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவே செய்யும்.

இன்னொன்று: கடும் கண்வலி, சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி. இப்படித் திடீரென்று வந்தால் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். வடிகால் ஒரேயடியாக அடைபட்டிருக்கலாம். அப்போது நோட்டு, நேரம் எதையும் பார்க்காமல் கண் மருத்துவரிடம் உடனே போங்கள், நள்ளிரவாக இருந்தாலும்.