பெரிகார்டைட்டிஸ் மாதிரி வரும் இதயப் புற்றுநோய்: சந்தேகிப்பதும் உறுதிசெய்வதும்

நெஞ்சுவலி, ஈசிஜியில் மாற்றம், எக்கோவில் இதய உறைக்குள் நீர். இதைப் பெரிகார்டைட்டிஸ் (இதய உறை அழற்சி) என்று எழுதி, அழற்சி குறைக்கும் ஐபுபுரோஃபெனும் கோல்சிசினும் தொடங்குவதில் தவறில்லை. பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். தேறாதவர்களில் மிகச் சிலருக்கு வலது ஏட்ரியத்தின் (இதயத்தின் வலது மேலறை) சுவரில் ஆஞ்சியோசார்கோமா என்ற புற்றுக்கட்டி ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ரத்தக்குழாய்ச் செல் சார்ந்த கட்டி என்பதால் உறையைத் துளைத்ததும் ரத்தம் கசிகிறது. கட்டிக்கு முன்னால் நீர்தான் கண்ணில் படும்.

ஐபுபுரோஃபென் 600 மி.கி. தினம் மூன்று வேளை என ஒரு வாரம் கொடுத்தும் கேட்கவில்லையா? நீர் 20 மி.மீ.க்கு மேல் நிற்கிறதா? சேர்ந்த நீர் இதயத்தை அழுத்தும் டாம்பனாட் வந்ததா? இவை ஒவ்வொன்றும் எச்சரிக்கைதான். ஆனால் எடுத்த நீர் சிவப்பாக இருந்து, வடித்த பிறகு மறுபடி சேர்ந்தால், கட்டி இல்லை என்று காட்டும்வரை கட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீரை அனுப்புவதிலேயே பாதிப் பிழை நடக்கிறது. சைட்டாலஜிக்கு (நீரில் உள்ள செல்களைப் பார்க்கும் சோதனை) 5 மி.லி. போதாது, குறைந்தது 50 மி.லி., கிடைத்தால் அதற்கும் மேல் கொடுத்து செல் பிளாக் (செல்களைத் திரட்டித் திசுத்துண்டு போல வெட்டிப் பார்ப்பது) கேளுங்கள். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) சந்தேகம் இருந்தால், செல்களை வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குத் தனிப் பங்கு வேண்டும், அதில் ஃபார்மலின் சேரக்கூடாது. ஆஞ்சியோசார்கோமா செல்களை நீரில் எளிதில் உதிர்ப்பதில்லை. ஆகவே 'புற்றுச் செல் இல்லை' என்ற அறிக்கை எதையும் விலக்காது.

அடுத்த பொறி ஏடிஏ, டிபியில் (காசநோய்) இந்த நீரில் ஏறும் ஒரு நொதி. லிட்டருக்கு 40 யூனிட் தாண்டியதும் டிபி என்று முடிவுகட்டுவது நம் ஊர்ப் பழக்கம். டிபி இங்கே அதிகம் என்பதால் புரிந்துகொள்ளக்கூடியதும்கூட. ஆனால் லிம்ஃபோமாவிலும் ஏடிஏ ஏறும். டிபி மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் லிம்ஃபோமா சில வாரம் சுருங்கும். நோயாளி தேறுவதுபோல் தெரியும், பிறகு எடுக்கும் பயாப்சியில் ஒன்றும் கிடைக்காது. உயிருக்கு அவசரம் இல்லையென்றால் திசு எடுத்த பிறகே ஸ்டீராய்டு.

சாதாரண எக்கோவில் வலது ஏட்ரியம் சரியாகத் தெரியாமல் போகலாம். சப்காஸ்டல் கோணத்தில் (விலா எலும்புக்குக் கீழிருந்து) ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் (கீழறை) இடையிலான பள்ளத்தைத் தேடுங்கள். நீரை வடித்த பின்பும் ஒருமுறை பாருங்கள். தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழி எக்கோ.

எம்ஆர்ஐ கோரிக்கையில் 'பெரிகார்டைட்டிஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'வலது ஏட்ரியத்தில் கட்டி உள்ளதா' என்று எழுதினால்தான் அதற்கேற்ற பட வரிசைகளை எடுப்பார்கள். சினி (இதயம் அசையும் படம்), டி1, டி2 (திசுவின் தன்மையைக் காட்டுபவை), முதல் சுற்று பெர்ஃப்யூஷன் (ரத்தம் பாய்வதைக் காட்டுவது), தாமதக் கான்ட்ராஸ்ட் (சாய மருந்து) படங்கள் ஆகிய எல்லாம் தேவை. ரத்தக்கட்டு கான்ட்ராஸ்ட் வாங்காது. இன்வர்ஷன் நேரத்தை (தாமதப் படத்துக்கு ஸ்கேனரில் அமைக்கும் இடைவெளி) 600 மில்லிசெகண்ட் அளவுக்கு நீட்டினால் கறுப்பாகவே நிற்கும். ஆஞ்சியோசார்கோமா கான்ட்ராஸ்ட் வாங்கும், உள்ளே ரத்தம் கசிந்த இடங்கள் டி1 படத்தில் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும்.

மார்பு சிடியில் நுரையீரலையும் விடாமல் பாருங்கள். அங்கே பரவிய முடிச்சுகளையும் டிபி என்று படித்துவிடுவது நடக்கிறது. பெட் ஸ்கேனுக்கு முன்பு மாவுச்சத்தில்லாத, கொழுப்பு மிகுந்த உணவும் 12 மணி நேர உண்ணாமையும் வேண்டும். இல்லாவிட்டால் இதயத்தசை முழுக்க ஒளிர்ந்து கட்டியை மறைத்துவிடும். டிபியும் பெட்டில் ஒளிரும். ஆகவே இந்த ஸ்கேன் பரவலை அறியவும், எங்கே பயாப்சி எடுப்பது என்று தீர்மானிக்கவும்தான்.

கட்டி ஏட்ரியத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் உணவுக்குழாய் எக்கோவைப் பார்த்தபடி சிரை வழியாகத் திசு எடுக்கலாம். நுரையீரல் முடிச்சு எட்டும் இடத்தில் இருந்தால் அதுவே சுலபம். உறையில் ஜன்னல் வெட்டி எடுத்த துண்டில் 'நாள்பட்ட அழற்சி' என்று வந்தால், கட்டியைத் தொடாமல் பக்கத்துத் திசுவை எடுத்திருக்க வாய்ப்புண்டு. எம்ஆர்ஐ படம் கட்டி என்று சொன்னால் மறுபடி எடுங்கள்.

நோயியல் நிபுணரிடம் படங்களையும் காட்டுங்கள். திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் அடையாளப் புரதங்களில் சிடி31, இஆர்ஜி இரண்டும் ஆஞ்சியோசார்கோமாவைக் காட்டும். கால்ரெட்டினின் மீசோதீலியோமாவை (உறைப் படலத்தில் தோன்றும் புற்று) நோக்கியும், சிடி20 பி செல் லிம்ஃபோமாவை நோக்கியும் திருப்பும். எபிதீலாய்டு வகை (மேல்படலச் செல் போலத் தோன்றும்) ஆஞ்சியோசார்கோமா கெரட்டின் சாயத்தையும் வாங்கக்கூடியது. கெரட்டினை மட்டும் பார்த்தால் வேறெங்கிருந்தோ பரவிய கார்சினோமா (மேல்படலச் செல் புற்று) என்று அறிக்கை வந்துவிடும்.