மாளிகைமேட்டுச் செங்கல்லைச் சுற்றி எப்படித் தோட்டம் போடுவது?

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் தோட்டம் போடுவதென்றால் முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். தோண்டவே கூடாது. பழைய தரைமேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, அதன்மேல் புதுமண் கொட்டிப் புல் பதியுங்கள். நாளைக்கு அகழ்பவர்களுக்குப் பழைய மண் எங்கே தொடங்குகிறது என்று அந்தத் துணியே காட்டிவிடும்.

புல் சுவரைத் தொடக் கூடாது. இரண்டடி இடைவெளி விட்டு ஜல்லி பரப்புங்கள், சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். தெளிப்பான் தண்ணீர் தினமும் பட்டால் செங்கல் உப்புப் பூத்து, பொரிந்து, விரல் பட்டாலே மாவாக உதிரும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் நைலான் நரம்பும் விளிம்பைக் கொத்திவிடும். சுவரோரம் கை அரிவாள்தான்.

அரசங்கன்று முளைத்தால் இரண்டு இலையிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு பழைய மதிலில் விரல் பருமன் கன்றை நான் பிடுங்கியபோது வேரோடு இரண்டு செங்கல் வந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. வேர் பருத்துவிட்டால் இழுக்காதீர்கள், பழங்கட்டடப் பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், சுவர் அழிந்துபோன இடத்தில் அதே அகலத்துக்குச் செம்மண் சரளைக் கோடு போடுங்கள். அறை எங்கே, வாசல் எங்கே என்று குழந்தைகூட நடந்தே கண்டுபிடிக்கும்.