பாடம் செய்த பழைய மான் தலையைப் புது நிலைக்கு மாற்றுவது எப்படி?

பழைய தலையைப் புது நிலையில் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தோலுக்கு உள்ளே வைக்கும் ஃபோம் உருவங்களின் படங்களைப் புரட்டி, பிடித்த நிலையை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். தோலைத் தொட்டுப் பார்ப்பது அதற்கப்புறம்தான். இந்த வரிசையால்தான் பல தலைகள் பாழாகின்றன. காய்ந்து பல ஆண்டுகள் ஆன தோல் எவ்வளவு வளையும், எங்கே கிழியும் என்று தெரிந்த பிறகே தலையை எந்தப் பக்கம் திருப்பலாம் என்ற பேச்சு.

ஆரம்பிக்கும் முன் பின்பலகையைப் பாருங்கள். ரோலண்ட் வார்டு, மைசூர் வான் இங்கன் போன்ற பெயர்பெற்ற பட்டறைகளின் சீட்டு ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். அந்த வேலைப்பாட்டுக்கே தனி மதிப்பு உண்டு. பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் வனவிலங்குத் துறையின் எழுத்து அனுமதி கைக்கு வந்த பிறகு கத்தியை எடுக்கலாம்.

அடுத்தது நஞ்சு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெகூர் பூச்சி அரிப்பைத் தடுக்க உருவாக்கிய ஆர்செனிக் சோப்பும் அதன் வழிவந்த கலவைகளும் 1970கள் வரை பட்டறைகளில் புழங்கின. பாதரச உப்பு, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பூசியவையும் உண்டு. கண் ஓரத்திலும் காதடியிலும் தையல் வழியிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நஞ்சு என்றே கருதுங்கள். பூக்காமல் இருப்பதால் நஞ்சு இல்லை என்றும் ஆகாது. 1980க்கு முந்தையது எதுவானாலும் நஞ்சுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை, நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி, அதே போல நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சி மூன்றும் கட்டாயம். உலர்ந்த தோலை உள்பக்கம் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசிதான் நுரையீரலுக்குள் போவது. சுரண்டல் எல்லாம் ஈரத்தில்தான். கழிவு நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கலனில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

தோலைச் சோதிப்பது

பலகைக்கு அடியில் மறைந்திருக்கும் ஓரத்தில் 1 செ.மீ. அகலம், 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் போடுங்கள். எடுத்து மடித்து, இரு முனையையும் மெல்ல இழுங்கள். ஈரத் துணி போல வளைந்து இழுவையைத் தாங்கினால் வேலையைத் தொடரலாம். நனைந்த காகிதம் போலப் பிய்ந்தால், படிகாரத்தில் பதப்படுத்தியபோது உள்ளே தங்கிய அமிலம் நாரை அரித்துவிட்டது என்று பொருள். சுருண்டு பிசுபிசுத்தாலும் கதை அதுதான். அப்படிப்பட்ட தோலைக் கழற்றாதீர்கள். கொம்பை மட்டும் எடுத்து, அதே இனத்தின் வேறு தோலில் அமைப்பது ஒரு வழி. தலையை அப்படியே வைத்து, பலகைக்குப் பின்னால் 10 முதல் 15 டிகிரி ஆப்பு கொடுத்துப் பார்வையின் திசையை மாற்றுவது இன்னொரு வழி. பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தச் சிறு சாய்வே பெரிய மாற்றமாகத் தெரியும்.

எந்த நிலை தாங்கும்?

இதற்குக் கணக்கு இருக்கிறது. கழுத்துச் சுற்றளவு 50 செ.மீ. என்றால் ஆரம் ஏறத்தாழ 8 செ.மீ. நேராகப் பார்த்த தலையை 30 டிகிரி திருப்பினால் கழுத்தின் வெளிப்பக்கம் 4 செ.மீ.க்குச் சற்று மேல் நீள வேண்டும். புதுத் தோல் அதைக் கொடுக்கும். பழைய தோல் கொடுக்காது. ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பிய தலையாக இருந்தால், அதன் வலப்பக்கத் தோல் நீண்ட நிலையிலேயே காய்ந்திருக்கும். ஆகவே அதே பக்கம் திருப்புவது எளிது, எதிர்ப்பக்கம் கடினம். நிமிர்ந்த தலையைத் தாழ்த்தும்போது பிடரித் தோல் இழுபடும். பழைய ஊசித்துளைகள் வரிசையாக இருப்பதும் அங்கேதான். பழைய வேலைகளில் மார்புத் தோலைக் கட்டையாக வெட்டியிருப்பார்கள் என்பதால், நீண்ட மார்புள்ள உருவமும் பொருந்தாது.

கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்கு நுனி வரை, காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்று, தோளருகே கழுத்துச் சுற்று: இந்த மூன்றையும் பிரிக்கும் முன்பே ஒருமுறை, தோல் இளகிய பின் ஒருமுறை அளந்து, சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தின் கழுத்துச் சுற்று அதைவிட 1 முதல் 2 செ.மீ. குறைவாக இருக்கட்டும்.

கழற்றுவதும் இளக்குவதும்

உலர்ந்த நிலையில் தையலைத் திறந்தால் தோல் ஓடு போல வெடிக்கும். கழுத்தை ஈரத் துண்டால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வையுங்கள். காகிதக்கூழ் உருவமாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து துளையிட்டு உள்ளே சிறிது நீர் விடலாம். ஈரம் தோலின் அடிப்பக்கத்துக்கு நேராகப் போகும். வைக்கோலோ மரச்சுருளோ அடைத்திருந்தால் உள்ளிருந்து பிடுங்கிக் காலி செய்வது சுலபம். பிறகு பிடரி முடியை வகிர்ந்து, நூலை மட்டும் வெட்டுங்கள். கொம்படியிலும் காதடியிலும் மழுங்கிய கரண்டியால் அங்குலம் அங்குலமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் முதலில் கிழிவது காதடிதான்.

கழற்றிய தோலைத் தொட்டியில் ஊற வைக்க வேண்டாம். நீர் படிகாரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். தோல் பச்சைத் தோல் நிலைக்குத் திரும்பி முடி உதிரும். லிட்டருக்கு 60 கிராம் உப்பும் 15 கிராம் படிகாரமும் கரைத்த குளிர்நீரைப் பஞ்சால் உள்பக்கம் மட்டும் ஒற்றி, உள்பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி மடித்துப் பையிலிட்டு, உணவு வைக்காத குளிர்பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். உதடும் மூக்கும் இளகாவிட்டால் அங்கே மட்டும் மீண்டும் ஒற்றலாம். வெந்நீர் ஆகவே ஆகாது. முதிர்ந்த தோல் மிதமான சூட்டிலேயே சுருங்கிவிடும், சுருங்கியது மீளாது.

பொருத்துவது

பசை போடாமல் ஒருமுறை போர்த்திப் பாருங்கள். தையல் வாயில் 3 செ.மீ. இடைவெளி தெரிந்தால் தோலை இழுக்காதீர்கள், ஃபோமை அரத்தால் ராவுங்கள். தலை திரும்பும் உள்பக்கத்தில் மடிப்புகளைச் செதுக்கிவிட்டால் மிஞ்சும் தோல் அங்கே அடங்கும்.

கிழிசல்களுக்கு அடியில் மெல்லிய லினன் துணி ஒட்டுங்கள். தையல் ஓரம் முழுவதற்கும் 2 செ.மீ. அகலப் பட்டை தேவை. பழைய துளைகளில் ஊசி ஏற்றினால் துளைகள் ஒன்று சேர்ந்து கிழியும்; ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள். முக்கோண முனை ஊசி தோலை அறுக்கும், உருண்டை முனையே நல்லது. அடியிலிருந்து மேலாகக் குத்தினால் முடி சிக்காது.

கண்ணில் பலரும் தவறுகிறார்கள். மானின் கண்பாவை கிடைமட்டமான பட்டை. உயிருள்ள மான் தலையைத் தாழ்த்தினாலும் அந்தப் பட்டை தரைக்கு இணையாகவே நிற்கும். ஆகவே தாழ்ந்த நிலைக்கு மாற்றும்போது கண்ணாடிக் கண்ணையும் குழியில் சுழற்றிப் பதிக்க வேண்டும். பழைய கோணத்திலேயே விட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் முகம் செத்துப்போய்த் தெரியும்.

கண்ணுக்கு முன்னுள்ள பள்ளத்திலும் உதட்டு வரியிலும் துருப்பிடிக்காத குண்டூசிகளால் தோலைப் பிடித்து வையுங்கள். சாதாரண இரும்பு ஊசி படிகார உப்பில் துருவேறிக் கறை விடும். காதுக்கு இருபுறமும் அட்டை வைத்துக் குத்துங்கள். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் மூன்று முதல் நான்கு வாரம் உலரட்டும். விசிறி வேண்டாம். முதல் ஐந்து நாள் காலையும் மாலையும் இமையையும் உதட்டையும் பாருங்கள். விலகியிருந்தால் ஈரப் பஞ்சால் தொட்டு மீண்டும் அழுத்துங்கள். வண்ணம் கடைசியில், நீர்த்த பூச்சுகளாக, முடியில்லாத இடங்களில் மட்டும்.

மாட்டும் முன் பலகையின் பின்புறத்தில் பிரித்த தேதி, பயன்படுத்திய பசை, ‘ஆர்செனிக் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, தலையின் பழைய நிலையைக் காட்டும் படத்தையும் உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள்.