சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு வண்டியில வர்றவங்களுக்கு

மஞ்சுவிரட்டு நடக்கிற தை 3 அன்னைக்கு, சிவகங்கை மாவட்டத்துல இருக்கிற காரைக்குடி–திருப்பத்தூர் ரோட்டுல வெயில் ஏறினப்புறம் வண்டி நகராது. காலையிலயே வந்துடுங்க. பஸ்ஸுல வர்றது இன்னும் நல்லது.

காரை எங்க நிறுத்துறதுங்கிறதுதான் முக்கியம். தொழுவுல (காளைகளை அடைச்சு வச்சு வெளிய விடுற இடம்) இருந்து வர்ற மாடு மட்டும்னு நினைச்சிடாதீங்க. கட்டுமாடுகளைப் பொட்டல்லயும் வயக்காட்டுலயும் அங்கங்க நேரா அவிழ்த்து விட்டுருவாங்க. அதுக்கு வாடிவாசலும் கிடையாது, தடுப்பும் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவங்க உயிரே போயிருக்கு. அதனால பொட்டலை விட்டுத் தள்ளி, மூக்கு ரோட்டைப் பார்த்த மாதிரி நிறுத்துங்க.

கண்மாய் ஓரம் மேல காஞ்சு வெடிச்சிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழை அடியில களியா நிக்கும். இறங்கிக் குதிகாலை அழுத்தி ஊன்றிப் பாருங்க. ஈரம் கசிஞ்சு தடம் பதிஞ்சா அங்க காரை இறக்காதீங்க, டிராக்டர் வந்துதான் இழுக்கணும்.

போலீஸ் திருப்பி விட்டா மல்லுக்கு நிக்காம அந்த வழியில போங்க, ஆம்புலன்ஸுக்கு வழி வேணும். 1927ல காந்தி வந்து, பின்னாடி கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவைப் (ப. ஜீவானந்தம்) பார்த்த ஊரு இது. அதைச் சுத்திப் பார்க்க வேற நாள் வாங்க. சின்னப் பிள்ளைகளையும் அப்படி வேற நாள்லயே கூட்டிட்டு வாங்க, மஞ்சுவிரட்டு அன்னைக்கு வேண்டாம்.