புதிய 11 கேவி கேபிளுக்கு மெக்கர் பார்ப்பது எப்படி

புதைத்து முடித்த எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைந்த பாலிஎதிலீன் இன்சுலேஷன்) கேபிளில் மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) அளவு குறைந்தால், பெரும்பாலும் கோளாறு கேபிளின் நடுவில் இல்லை, முனையில்தான் இருக்கும். ஈரம், தூசி, செமிகான் (இன்சுலேஷன் மேலுள்ள, ஓரளவு மின்சாரம் கடத்தும் கரிப் படலம்) சுரண்டிய கரித்தடம் எல்லாம் அங்கேதான் சேரும். அதனால் முனையிலிருந்து தொடங்குங்கள்.

இரு முனைகளிலும் கேபிளைத் தனியாக்குங்கள். பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர், பிடி (மின்னழுத்தம் அளக்க உதவும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்), சர்ஜ் அரெஸ்டர் (மின்னழுத்தப் பாய்ச்சல் தடுப்பு) எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் நீங்கள் அளப்பது அவற்றையும் சேர்த்துத்தான். எதிர்முனையில் மூன்று கோர்களையும் (கேபிளுக்குள் உள்ள இன்சுலேஷன் போட்ட கண்டக்டர்கள்) ஒன்றையொன்று தொடாமல் விலக்கி நிறுத்தி, ஒரு ஆளைக் காவலுக்கு வையுங்கள். டெர்மினேஷன் (கேபிள் முனை) பரப்பைப் பஞ்சில்லாத துணியால், கேபிள் கிட்டோடு வரும் கரைப்பானில் துடையுங்கள். கண்டக்டர் பக்கத்திலிருந்து செமிகான் பக்கமாக மட்டுமே துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கரியை இன்சுலேஷன் மேல் நீங்களே பூசிவிடுவீர்கள்.

5 கேவி டிசி தரும் மெக்கர் வேண்டும். லைன் வயரை ஆர் கோரில் (மூன்று ஃபேஸ்கள் ஆர், ஒய், பி) மாட்டுங்கள். ஒய், பி கோர்கள், ஸ்கிரீன் (கோரின் மேலுள்ள உலோக உறை), ஆர்மர் (கேபிளின் வெளிக் காப்புக் கவசம்) எல்லாம் எர்த்தில் சேர்ந்திருக்க வேண்டும், மெக்கரின் எர்த் முனையும் அங்கேயே. லைன் வயர் தரையில் கிடக்கக் கூடாது. அதன் கசிவும் கணக்கில் வரும்.

பட்டனை அழுத்தியதும் அளவு குறைவாகக் காட்டிப் பிறகு ஏறும். கேபிள் சார்ஜ் ஆவதால் வருவது அது, பயம் வேண்டாம். 60ஆவது நொடியில் உள்ள அளவைக் குறியுங்கள். ஏறிய முள் ஆடிக்கொண்டே இருந்தாலோ, திரும்ப இறங்கினாலோதான் சந்தேகப்பட வேண்டும். பத்து நிமிட, ஒரு நிமிட அளவுகளின் விகிதம் (பிஐ) மோட்டாருக்கு உதவும். எக்ஸ்எல்பிஇயில் உறிஞ்சும் மின்னோட்டம் மிகச் சிறிது, நல்ல கேபிளிலேயே அது 1ஐ ஒட்டி நிற்கலாம். அதை வைத்துக் கேபிளைத் தள்ளிவிடாதீர்கள்.

நீளம் கூடினால் அளவு குறையும். 1 கிமீக்கு 8 ஜிகாஓம் என்றால் 2 கிமீக்கு 4தான் வரும். ஆகவே கிமீக்கு மாற்றி ஒப்பிடுங்கள், வெப்பநிலையையும் எழுதுங்கள். தனி எண்ணைவிட மூன்று கோர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதிகம் சொல்லும்: இரண்டு கோர்கள் ஜிகாஓம் அளவில் இருக்க ஒன்று மட்டும் சில நூறு மெகாஓமில் நின்றால், அதைத் தேட வேண்டும்.

தேடும் வழி மெக்கரின் கார்டு முனை (பரப்புக் கசிவை அளவில் சேராமல் ஒதுக்கும் மூன்றாவது முனை). லக்கிற்கும் (கண்டக்டர் முனையில் அழுத்திய இணைப்புத் துண்டு) ஸ்கிரீனுக்கும் நடுவே, இன்சுலேஷன் மேல் வெறும் செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி கார்டில் கொடுங்கள். எதிர்முனையிலும் அப்படியே சுற்றி, சும்மா இருக்கும் ஒரு கோர் வழியாகக் கொண்டுவரலாம். அப்போது அந்தக் கோரை எர்த்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அளவு ஏறினால் பரப்புக் கசிவு. ஏறாவிட்டால் ஜாயின்டையும் கேபிளையும் பாருங்கள். மழைநாளில் அளந்து தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இதைச் செய்யலாம்.

ஒவ்வொரு கோரையும் அளந்தவுடன் டிஸ்சார்ஜ் ராடால் எர்த் செய்து, அளந்த நேரத்தைப் போல நான்கு மடங்காவது அப்படியே விடுங்கள். ஒரு முறை தொட்டு எடுத்தால் போதாது. இன்சுலேஷனில் தங்கிய சார்ஜ் மெல்லத் திரும்பி வந்து ஆளை அடிக்கும்.

மெக்கர் தேறினாலும் ஜாயின்டில் சிறு காற்றுக்குமிழி இருந்தால் அது தெரியாது. அதற்கு 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண் ஏசி) சோதனை கொடுங்கள்: 6.35/11 கேவி (ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 6.35, ஃபேஸ்களுக்கு இடையே 11) கேபிளுக்கு 6.35இன் 3 மடங்கு, சுமார் 19 கேவி, 15 நிமிடம். முடிந்ததும் மறுபடி மெக்கர் பார்த்து, அந்த அளவையே கேபிளின் முதல் பதிவாக வையுங்கள்.